மையக்கருத்து

ஸ்கேலை வைத்து 'மையக்கருத்து' என்ற சொல்லை அடிக்கோடிட்டாள்.

வகுப்பின் கையெழுத்து இதழிலிருந்து ஒரு கவிதையை எடுத்து நயம் பாராட்டி எழுதிவர வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருந்தார். அவள் பேச்சித்தாயின் கவிதையை எடுத்துக்கொண்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து இந்தப் பதினொன்றாம் வகுப்பு வரை இருவருக்கும் ஒரே பெஞ்சு.

நான்கே வரிகள்.

மொட்டாகவே பறிக்கிறார்கள்.
மொழியில்லாத செடி நிற்கிறது.
விடிந்தால் வண்டி வந்துவிடும்.
விரியாமலே போய்விடுவேன்.

பூப் பயிரிடும் உழவர்களின் பாடுகளைச் சொல்வதே மையக்கருத்து என்று எழுதினாள். மோனைகளைக் கண்டுபிடித்து வட்டமிட்டாள். கடைசி வரியில் பூவே பேசுவதாகப் பாடியிருப்பது கவிஞரின் கற்பனைத் திறம் என்றாள். முடிவுரையும் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

மதியச் சாப்பாட்டின்போது பேச்சித்தாயிடம் காட்டினாள்.

பேச்சித்தாய் நிதானமாகப் படித்தாள். 'கவிஞர்' என்ற இடத்தில் விரலை வைத்துச் சிரித்தாள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

அங்கே ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதானாட்டி?"

"சந்த நயம் விட்டுப்போச்சுல்லா?"

பேச்சித்தாய் தாளை அவளிடம் கொடுத்தாள். டிபன் டப்பாவைக் கழுவ எழுந்து போனாள்.

அவள் உடனே உட்கார்ந்து சந்த நயத்தையும் சேர்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினார். கட்டுரை என்றால் இப்படிக் கட்டுக்கோப்பாக இருக்க வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பேச்சித்தாயும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

திங்கள்கிழமை பேச்சித்தாய் வரவில்லை.

செவ்வாயும் வரவில்லை.

புதன்கிழமை வருகைப் பதிவில் டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது, பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிட்டு டீச்சர்."

டீச்சரின் பேனா நின்றது. பதினாறு வயசுதானே என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கட்டுரை எழுதிய அவளுக்கு அந்த நான்கு வரிகளும் மனப்பாடம். பள்ளி விடும்வரை ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. மோனை எதுவும் காதில் விழவில்லை.

சாயங்காலம் நேரே பேச்சித்தாய் வீட்டுக்குப் போனாள். வாசலில் பந்தல் போட்ட தடம்கூட இல்லை. பேச்சித்தாயின் அம்மா கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுவர் ஆணியில் பள்ளிக்கூடப் பை தொங்கியது.

"ஞாயித்துக்கிழம காலம்பற அவுக ஊருக் கோயில்ல வச்சு முடிச்சாச்சு. யாருக்கும் சொல்லல." முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள். "நல்ல எடம். விட்டுறாதீகன்னு எல்லாரும் சொன்னாக. ரெண்டு மாசமாப் பேச்சு நடந்துச்சு."

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்பவும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான திரிவீக. உங்கிட்டகூட அவ சொல்லலையா?"

அவள் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"சொன்னா, அத்த."