மேலே போனால் அவுட்

“கூடச் சொன்னா அவுட்டுன்னு அந்தப் பொண்ணு தலைப்பாடா அடிச்சுக்குது. இவன் என்னடான்னா டேபிள் ஃபேனுக்குப் பத்தாயிரங்கிறான். இவனையெல்லாம் யாரு கடைக்கு அனுப்பறாங்க?” என்றார் எஸ்டிமேட்காரர், டிவியைப் பார்த்து.

கட்டடக் கம்பெனியில் எஸ்டிமேட் போடுவது அவர் வேலை. செங்கல்லிலிருந்து கதவுக் கீல் வரை விலையெல்லாம் விரல் நுனியில் இருக்கும். அதனால் உறவில் எல்லோருக்கும் அவர் எஸ்டிமேட்காரர்தான்.

விலை சொல்லும் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் மூன்று பேர். மூன்றாவதாக நின்றவள் அவர் மனைவி.

படம் பிடித்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஒளிபரப்பாகும் வரை முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவளும் வாயைத் திறக்கவில்லை. தோற்றிருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆகவே அக்காவையும் மாமாவையும் வரச் சொல்லி, ‘வாழ்த்துகள்’ என்று எழுதிய கேக்கும் வாங்கி வைத்துவிட்டார்.

மனைவி தரையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். திரையில் நிற்கும் தன்னை, யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோல எப்போதாவது நிமிர்ந்து பார்த்தாள்.

அயர்ன்பாக்ஸ் விலையைச் சரியாகச் சொன்னாள். குக்கர் விலையையும் சொன்னாள்.

“பத்து ரூபா கூட முன்னப்பின்ன இல்ல. எப்படிம்மா?” என்றாள் அக்கா.

“கடையில எழுதி ஒட்டியிருக்காங்களே, அண்ணி.”

“எல்லாம் நான் கொடுத்த டிரெயினிங்,” என்றார் எஸ்டிமேட்காரர்.

மாமாவின் கண் கேக்கிலேயே இருந்தது. “வெட்டிடலாமாப்பா?”

“கடைசி ரவுண்டு முடியட்டும் மாமா. ஓடியா போகப் போகுது?”

மற்ற இருவரும் உளறிக்கொட்டி வெளியேறினார்கள். அவள் மட்டும் மிஞ்சினாள். இன்னும் ஒரே ஒரு பொருள்தான். அதன் விலையைத் தாண்டாமல், ஐயாயிரத்துக்குள் நெருங்கிச் சொல்லிவிட்டால் அதோடு ஃப்ரிட்ஜ், சோபா, கட்டில் என்று மேடையில் இருப்பது அத்தனையும் அவளுக்கு.

மேடையில் திரை விலகியது. வாஷிங் மெஷின்.

“இது யாருக்குத் தெரியாது? கத்திய எடுடா,” என்றாள் அக்கா.

எஸ்டிமேட்காரர் கத்தியை எடுக்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் முதல் தடவை மெஷின் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். விலையைச் சொன்னால் எதுவும் கேட்க மாட்டாள். “தொண்ணூறாயிரம் ஆகும்மா,” என்றார். அவள் சரி என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் கேட்டபோதெல்லாம், விலைவாசியை அனுசரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்தார். அக்கா வீட்டுக்கு மெஷின் வந்தபோது மட்டும், அது செகண்ட் ஹேண்ட் என்று அவளிடம் சொல்லிச் சமாளிக்க வேண்டியிருந்தது. இதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்சம் தாராளமாகப் போட்ட எஸ்டிமேட், அவ்வளவுதான்.

திரையில் அவள் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பதுக்குள்ள ஏதாவது சொல்லு, தாயே, என்று மனசுக்குள் கெஞ்சினார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் நடந்து முடிந்ததைத் தடுப்பதற்காக, லேசாகக் கையைக்கூடத் தூக்கினார்.

“ஒரு லட்சத்துப் பத்தாயிரம்,” என்றாள் திரையில் இருந்தவள்.

அரங்கமே சிரித்தது. போட்டி நடத்திய பெண்ணுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “இந்த விலைக்கு மூணு மெஷின் வாங்கலாமேம்மா. யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

“என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாச் சாமான் விலையும் தெரியும்.”

மறுபடி சிரிப்பு. ஃப்ரிட்ஜையும் சோபாவையும் கட்டிலையும் வரிசையாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். விளம்பரம் வந்தது.

அக்கா மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள். “ஏன்டா, எங்க மெஷினை நீதானே கடைக்கு வந்து பேரம் பேசி வாங்கிக் கொடுத்தே? இருபத்தெட்டாயிரம். மறந்துட்டியா?”

“புது மெஷின்,” என்றார் மாமா. “அட்டைப்பெட்டியைக்கூட நீதான் பிரிச்சே.”

எஸ்டிமேட்காரர் தரைப் பக்கம் பார்த்தார். மனைவி அவருடைய வெள்ளைச் சட்டையை மடியில் போட்டுக் காலரை நீவிக்கொண்டிருந்தாள். சோப்பு அரித்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. அந்தக் கையை அவர் இன்றுதான் பார்ப்பதுபோல இருந்தது.

“பாவம், விவரம் தெரியாம அவ்வளவு பேர் முன்னாடி உளறிட்டா,” என்றாள் அக்கா.

பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்தது அவருக்கு. குரலில் கொஞ்சம் கோபத்தை வரவழைத்துக்கொண்டார். “அதைத்தான் நானும் கேக்கறேன். இத்தனை கடை ஏறி இறங்கினியே, நான் ஏதோ சொன்னேன்னா, இதையும் ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கக் கூடாதா?”

அவள் சட்டையை நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

“விசாரிச்சேன். நீங்க முதல்ல சொன்ன மறுநாளே.”