ஒரு டப்பா சுறா புட்டு

"கேட்டீங்களா அநியாயத்தை! ஒரு டப்பா சுறா புட்டு! அப்படியே கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில கொட்டி, தொட்டி மூடியையும் சாத்திட்டா!"

சேக்காட்டில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சாமுண்டீஸ்வரி ஒன்றைக் கொடுத்தாலும் தெருவுக்குத் தெரியும், திட்டினாலும் தெருவுக்குத் தெரியும்.

"யாரு, உங்க வீட்டுல வேலை செய்யற சரசாவா?" என்றாள் எதிர்வீட்டு ஹேமாவதி.

"வேற யாரு? கைக்குழந்தைக்காரியாச்சே, பால் ஊறட்டுமேன்னு அள்ளிக் குடுத்தேன். சின்னச் சுறா கூட இல்லம்மா. காசிமேட்டுல சொல்லிவெச்சு வாங்கின பெரிய சுறா. பூண்டு உரிச்சே என் நகம் போச்சு!"

"நமக்கெல்லாம் யாரு தர்றாங்க?" என்று பெருமூச்சு விட்டாள் பக்கத்து வீட்டு சபீனா.

"இதுக்குத்தான் இதுங்களை வைக்கிற இடத்துல வைக்கணும். எங்க வீட்டுக்கும் இனிமே அவ வர வேணாம்" என்றாள் ஹேமாவதி.

தெருக்குழாயில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த சரசா, தன் பேர் அடிபடுவதைக் கேட்டு வந்து நின்றாள்.

"ஏன்டி, திமிரா? வேணாம்னா வாங்கும்போதே சொல்றதுதானே?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"சொன்னா கோச்சுக்குவீங்க. போன வாட்டி பழைய பொடவை வேணான்னதுக்கே ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வெச்சிகினு இருந்தீங்க."

"அதுக்காக? சாப்பிடற பொருளைக் கொட்டுவியா?"

சரசா தயங்கினாள். ஒரே நாளில் இரண்டு வீட்டு வேலையும் போகப் போகிறது. போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"காலைல உங்க பொண்ணு ரேணுகாக்கா பச்சப்புள்ளையோட ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து, பசிக்குதுன்னு இதே புட்டைத்தானக்கா ஒரு வாய் எடுத்துச்சு? நீங்கதான கையைத் தட்டிவுட்டீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"டாக்டரம்மா சொன்னாங்கன்னு நீங்களே சொல்லிகினு இருந்தீங்க. எந்த ஊர்லயோ திமிங்கலம், டால்பின் கறியெல்லாம் துன்றவங்க ஒடம்புல பாதரசம் ஏறி, பொறக்கற புள்ளைங்களுக்கு மூளை மந்தமாவுதாம். பெரிய சுறாவுலயும் அதான் கீதாம். தாய்ப்பால்லயே எறங்குமாம். புள்ளைக்குப் பால் குடுக்கறவ தொடவே கூடாதாம். அத்த சொல்லி முடிச்ச கையோட, அதே சட்டியைத்தான் என் டப்பாவுல கவுத்தீங்க. எம்புள்ளைக்கு இன்னும் தலையே நிக்கலக்கா."

ஹேமாவதிக்குத் திடீரென்று அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது. சபீனா துப்பட்டாவைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

ஆனால் சாமுண்டீஸ்வரி அப்படிச் சட்டென்று தோற்கிற ஆள் இல்லை.

"சரிடி, உனக்கு வேணாம். எனக்குப் பொருளை வீணடிச்சாப் புடிக்காது, அவ்வளவுதான். மோட்டார் ரூம் பின்னாடி நாலு குட்டியைப் போட்டுட்டு எலும்பும் தோலுமா ஒரு நாய் கிடக்குதே, அந்த வாயில்லாத ஜீவனுக்காவது வெச்சிருக்கலாம்ல? அந்த இரக்கம் கூடவா இல்ல?"

சரசா டப்பாவை அவள் கையில் கொடுத்தாள்.

"வெக்கத்தான் போனேன்க்கா. அதுவும் பால் குடுத்துகினு இருந்துச்சு."