முந்தானைக்குள் சிவப்பு மணி

கடலைக்காட்டில் உச்சிவெயில் கொளுத்துகிறது. கொடி பிடுங்கிக்கொண்டிருந்த சென்னியம்மாள் நிமிர்ந்து, மண் அப்பிய விரலால் கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்துகிறாள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியோடு வடக்கே போன புருஷன் நாச்சிமுத்து தன் கையிலிருந்து கழற்றி மாட்டிவிட்டுப் போனது. முள் கிடையாது, அழுத்தினால்தான் சிவப்பாக எண் எரியும். "பேட்டரி செல்லு தீந்தா இங்க கெடைக்காது புள்ள. ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் அமுக்கோணும். உச்சிக்கு அமுக்கு, நானும் அங்கிருந்து உன்னய நெனச்சுக்கறேன்" என்று சொல்லியிருந்தான். வெயிலில் கண்ணாடி கறுப்பாகவே கிடக்கிறது. எரிந்ததா, செல்லே தீர்ந்துவிட்டதா, தெரியவில்லை. செடிகளுக்கு நடுவே பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையை இழுத்துத் தலையையும் கையையும் சேர்த்து மூடிக்கொள்கிறாள். உள்ளே வியர்வையும் பச்சைக்கடலை வாசமும் புழுங்குகின்றன. இன்றைக்கு இது இரண்டாவது அழுத்தல். நேற்றைவிட மங்கலாக, ஆனாலும் சிவப்பாக, பன்னிரண்டு எரிகிறது.

"ஏ சென்னியம்மா, நெழலு காலடியிலயே கெடக்குது. மணி தெரியிலயா?" அடுத்த பாத்தியிலிருந்து நாத்தனார் காளியாத்தாள் சிரிக்கிறாள்.

"தெரியுதுங்க நங்கையா" என்று முந்தானைக்குள்ளிருந்து குரல் வருகிறது. பொத்தானிலிருந்து விரல் மட்டும் எழவில்லை.