அணிலின் குரல்

மாதத்தில் இரண்டு நாள் அமுதவல்லிக்கு டப்பிங் வேலை வரும். கார்ட்டூனில் வரும் அம்மா அணிலுக்கு அவள்தான் குரல். அன்று காலை இரட்டைப் பிள்ளைகள் யாழியும் செழியனும் அவளுடைய செருப்பை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள். இருவரையும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

மாலையில் திரும்பியபோது டிவியில் அந்த அணில் பேசிக்கொண்டிருந்தது. "எங்கே, என் செல்லங்க ரெண்டும் வாயைத் திறங்க பார்ப்போம்!" அமுதவல்லி எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காத வாய்கள் உடனே திறந்தன. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா ஆளுக்கொரு வாய் ஊட்டினாள்.

அமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. தட்டை வாங்கிக்கொண்டு, அதே குரலில், "எங்கே, என் செல்லங்க..." என்று ஆரம்பித்தாள்.

யாழி எட்டி அவள் வாயைப் பொத்தினாள். "நீ அணில் மாதிரி பேசாதம்மா."

"அந்த அணிலே நான்தான்டி."

"பொய்! அணில் திட்டவே திட்டாது" என்றான் செழியன்.

அணில் மறுபடியும் கொஞ்சத் தொடங்கியது. இரண்டு முகங்களும் அதைப் பார்த்து மலர்ந்தன. அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள். திரையில் வாய் மட்டும் அசைந்தது; அந்த அசைவுக்கேற்ப அணிலின் குரலில் அவள் பேசினாள். பிள்ளைகள் இருவரும் திரும்பி அவள் வாயையே பார்த்தார்கள்.