மாமி போட்ட பூட்டு

"மாமி, கதவத் தெறங்க மாமி! என்னால ஏலாது மாமி!"

பக்கத்து வீட்டு அடுப்படியில் அங்காளம்மாள் டிரான்சிஸ்டரைச் சட்டென்று அணைத்தாள். குழம்பு தீய்ந்தால் தீயட்டும். சுவரோரம் போய்க் காதைக் கொடுத்தாள்.

"ஏலாட்டிக் கெட. சாயந்தரம் பள்ளிவாசல்ல அசர் பாங்கு சொல்லாம தெறக்க மாட்டேன்."

மெகராஜ் பேகத்தின் குரல்தான். அடிப்பாவி! பெருநாளைக்குத் தெரு முழுக்க பிரியாணி கொடுத்தனுப்புகிற பொம்பளையா இப்படி? மகன் ஹமீது ராஜபாளையத்துக் கடைக்குப் பஸ் ஏறிவிட்டால், மருமகள் அசீனாவை அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவதா?

குழாயடியில் விஷயம் பரவியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வம்புப் பேச்சுக்கா பஞ்சம்? ஆளுக்கு ஆள் கரித்துக் கொட்டினார்கள்.

மறுநாளும் அதே அழுகை. அங்காளம்மாளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மெகராஜ் பேகத்தின் வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள்.

பூட்டிய அறை வாசலில் மெகராஜ் பேகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மடியில் பேரப்பிள்ளை தூங்கியது.

"எக்கா, இது ஒங்களுக்கே அடுக்குமா? சாவியக் குடுங்க. இல்லாட்டி ஜமாத்துல போயி நிப்பேன், ஆமா!"

"மெல்லப் பேசு அங்காளம்மா. உள்ள பிள்ளை இருக்கு."

"அதத்தான கேக்கேன்!"

கீரைத் தட்டில் கிடந்த சாவியை வெடுக்கென்று எடுத்துக் கதவைத் திறந்தாள்.

பாயில் அசீனா. சுற்றிலும் காகிதம். விரலெல்லாம் மை, கண் வீங்கியிருந்தது.

"வாம்மா வெளிய. நான் இருக்கேன்."

அசீனாவுக்கு வந்ததே கோபம். "ஏங்க்கா தெறந்தீக? இப்பத்தான வர ஆரம்பிச்சது!"

"என்னது வருது?"

"கதைக்கா!" கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

அங்காளம்மாள் திருதிருவென்று முழித்தாள்.

"இவ பத்திரிகைக்கு அனுப்புன கதை அம்புட்டும் திரும்பி வந்துருச்சு," என்றாள் மெகராஜ் பேகம். "'எனக்கு எழுத வராது'ன்னு எல்லாத்தையும் அடுப்புல போடப் போனா. பொறவு அவளாவே பூட்டும் சாவியும் கொண்டாந்து குடுத்தா. 'தெனமும் மத்தியானம் லுஹர் தொழுததும் பூட்டுங்க மாமி. அழுவேன், கெஞ்சுவேன், தெறந்துராதீக'ன்னா."

"அதுக்காக, அழுகிற பிள்ளைய..."

"எனக்கும் கேக்கப் பொறுக்கலதான். செத்த நேரம் அழுவா. பொறவு காகிதம் பெரட்டுற சத்தம் கேக்கும். அதக் கேக்கத்தான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"ஊரே ஒங்களக் கொடுமைக்காரிங்குது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னா, 'எழுத்தாளரம்மா, எம்புட்டு எழுதியாச்சு'ன்னு போற வாரவகெல்லாம் கேப்பாக. பிள்ளை பயந்துபோயிருவா. என்னையவே பேசிட்டுப் போகட்டும்."

அங்காளம்மாள் சாவியைக் கீரைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். இப்படியும் ஒரு பிறவியா! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"அப்படி என்ன கதைக்கா எழுதுறா?"

மெகராஜ் பேகத்துக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"மருமவளுக்குச் சோறு போடாம வெரட்டுற மாமியா கதை. படிக்கிறவக என்னையத்தான் நெனைப்பாக. நெனைச்சா நெனைக்கட்டும்ட்டி, கதை எம்புட்டு நல்லா வந்துருக்கு தெரியுமா!"