சூப்பர்வைசரம்மாவின் பெல்ட்

"இந்தா, இதை உன் இடுப்புல கட்டிக்கோ. நாலு நாளைக்கு, வேலை முடியற வரைக்கும் கழட்டக் கூடாது."

சூப்பர்வைசரம்மா நீட்டிய பெல்ட்டைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள் பெட்டி கட்டுகிறவள். அச்சகத்தில் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டுவது அவள் வேலை.

"இது உங்க முதுகுவலிக்கு டாக்டர் கொடுத்ததாச்சேம்மா?"

"கேள்வி கேட்காம கட்டு."

குனிந்தால் கீச்சென்று கத்தும் பெல்ட் அது. கத்தினால் உடனே நிமிர வேண்டுமாம். எத்தனை தடவை குனிந்தோம் என்று எண்ணியும் வைத்துக்கொள்ளுமாம்.

பெட்டிகளோ தரையில் கிடந்தன. நிமிர்ந்தால் கை எட்டாது, குனிந்தால் பெல்ட் விடாது. பொழுதன்றைக்கும் கீச், கீச்.

"என்னடி, இடுப்புல குருவி வளர்க்கறியா?" என்று சிரித்தாள் லேபிள் ஒட்டுகிறவள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னுமா புரியலை? அந்தம்மா நாற்காலியை விட்டு அசையறதில்லை. நீ குனியறதை, தானே குனிஞ்சதா காட்டி லீவு வாங்கப் போகுது. உனக்குத்தான் வாயே கிடையாதே, அதான் உன்னைப் பிடிச்சிருக்கு."

பெட்டி கட்டுகிறவளுக்கு வயிறு எரிந்தது.

ஆறு மாதமாக அவளுக்கும்தான் இடுப்பு விட்டுப்போகிறது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். வெளியே சொன்னால் வேலை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். வலி இவளுக்கு, லீவு அந்தம்மாவுக்கா? கடவுளே, நீதான் கேட்கணும்!

ஐந்தாம் நாள் காலை பெல்ட்டை வாங்கிக்கொண்ட சூப்பர்வைசரம்மா, "நீயும் வா" என்று மேனேஜர் அறைக்கு நடந்தார்.

வேலை போனாலும் போகட்டும், இன்றைக்கு உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று பின்னாலேயே போனாள் இவள்.

பெல்ட்டில் தெரிந்த எண்ணைப் பார்த்து மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு நாள்ல நாலாயிரத்து இருநூறு தடவையா! முதுகு என்னத்துக்கு ஆகும்மா? உடனே லீவு எழுதிக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"சார், அது வந்து..." என்று வாயைத் திறந்தாள் பெட்டி கட்டுகிறவள்.

"நீ சும்மா இரு" என்று அதட்டிவிட்டு மேனேஜரைப் பார்த்தார் சூப்பர்வைசரம்மா.

"லீவு வேண்டாம் சார். பெட்டி வைக்க மேசை போட்டுக் கொடுங்கன்னு மூணு தடவை கேட்டேன். 'குனியறதெல்லாம் ஒரு கஷ்டமா, ஆதாரம் இருக்கா'ன்னீங்க. இதோ ஆதாரம். நாலு நாளா இந்த பெல்ட் இருந்தது இவ இடுப்புல!"