இரண்டாவது சொல்

போட்டி நிறுவனத்தின் சிப், எதிரில் இருப்பவர் மூன்று சொல் பேசியதுமே மீதி வாக்கியத்தைக் கணித்து, அணிந்திருப்பவர் காதில் சொல்லிவிடுகிறது. இரண்டே சொல்லில் கணிக்கும் சிப்பை நாங்கள் தீபாவளிக்குள் சந்தைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். சோதித்துப் பார்க்க, ஒன்றைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"தண்ணி லாரி..." என்று ஆரம்பித்தாள் என் மனைவி சுடர்விழி.

"வரலையா? ஃபோன் பண்ணிட்டேன்."

"அது இல்லங்க, வந்துடுச்சுன்னு சொல்ல வந்தேன்."

எங்கள் அலுவலகத்தில் மதிப்பெண் போடும் முறை எளிது. வீட்டில் இருப்பவர் மறுத்துப் பேசினால் கணிப்பு தவறு, பேசாமல் போய்விட்டால் சரி. முதல் வாரம் சுடர்விழி நிறைய மறுத்தாள். பிறகு குறைந்துவிட்டது. சிப் கற்றுக்கொண்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் காலை, "டாக்டர் இன்னைக்கு..." என்றாள்.

"லீவா? நாளைக்குப் போயேன்," என்றேன், ஷூ மாட்டிக்கொண்டே.

அவள் மறுக்கவில்லை. சரி என்று பதிவாகியது.

கடைசி வாரம் நூற்றுக்கு நூறு வாங்கினேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம். பாராட்டுக் கேடயத்தை வைக்க அலமாரியைத் திறந்தபோது சுடர்விழியின் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. மார்பில் இருந்த கட்டியிலிருந்து சோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள். கணவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் அவள் தங்கை கையெழுத்துப் போட்டிருந்தாள். தேதி, அவள் 'டாக்டர் இன்னைக்கு' என்று ஆரம்பித்த அந்த நாள்தான்.

சிப்பைப் பிய்த்தெடுத்தேன். "அன்னைக்கு என்னம்மா சொல்ல வந்தே?"

"அன்னைக்கு டாக்டர்..." என்றாள். அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டு, மீதியை நான் சொல்வதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.